ஆறு கட்டைகள், 915 மில்லியன் வடிவங்கள்

மாணவர்களே, உங்கள் வீட்டில் தம்பி தங்கைகள் இருந்தால் அவர்களுடைய விளையாட்டுப் பெட்டியிலிருந்து இரண்டு கட்டைகளைக் கேட்டு வாங்குங்கள். இரண்டும் ஒரே நிறம், ஒரே அளவு. மேலே நான்கு நான்காக இரண்டு வரிசை, ஆக எட்டுக் குமிழ்கள் இருக்க வேண்டும். லெகோ கட்டையாக இருந்தால் நல்லது. பாசார் மாலாமில் வாங்கிய மலிவுக் கட்டையானாலும் பரவாயில்லை, இந்தக் கணக்குக்குப் போதும்.

இப்போது ஒரு கேள்வி. இந்த இரண்டு கட்டைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக எத்தனை விதமாகப் பொருத்தலாம்?

பெரும்பாலோர் பத்து, பன்னிரண்டு என்று சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்வார்கள். கட்டையைக் கையில் எடுத்து முறையாக எண்ணிப் பார்ப்போம். கீழ்க் கட்டையை மேசைமீது அசையாமல் வையுங்கள். மேல் கட்டையும் அதே திசையில் நீளவாக்கில் இருக்கட்டும். ஒரு குமிழாவது பிடித்தால்தான் கட்டை நிற்கும். நீளவாக்கில் பார்த்தால், நேர்மேலே ஓர் இடம், வலப்பக்கம் ஒன்று, இரண்டு, மூன்று குமிழ் தள்ளி மூன்று இடம், இடப்பக்கமும் அதேபோல் மூன்று. மொத்தம் 7. அகலவாக்கில் நேராக வைக்கலாம், ஒரு குமிழ் முன்னால் தள்ளலாம், ஒரு குமிழ் பின்னால் தள்ளலாம். அது 3. ஆகவே 7 × 3 = 21 இடங்கள்.

அடுத்து, மேல் கட்டையைக் குறுக்காகத் திருப்புங்கள். இப்போது கீழ்க் கட்டையின் நீளத்திசையில் மேல் கட்டைக்கு இரண்டு குமிழ் அளவுதான் உண்டு, அகலத்திசையில் நான்கு. நீங்களே நகர்த்தி நகர்த்திப் பாருங்கள். ஒரு திசையில் 5 இடம், மற்றத் திசையிலும் 5 இடம் கிடைக்கும். 5 × 5 = 25. முன்பு கிடைத்த 21ஐயும் சேர்த்தால் 46.

கணக்கு முடிந்துவிட்டதா? இல்லை. மேசைக்கு எதிர்ப்பக்கம் போய் நின்று பாருங்கள். வலப்பக்கம் தள்ளி வைத்த கட்டை அங்கிருந்து பார்த்தால் இடப்பக்கம் தள்ளி இருக்கும். அதாவது நாம் இரண்டு என்று எண்ணியது உண்மையில் ஒரே வடிவம். அதை அரைச்சுற்றுத் திருப்பினால் இன்னொன்று வந்துவிடும். எனவே ஒவ்வொரு வடிவத்தையும் இருமுறை எண்ணியிருக்கிறோம். இரண்டே இரண்டு மட்டும் விதிவிலக்கு: நடு மையத்தில் நேராக வைத்தது ஒன்று, நடு மையத்தில் குறுக்காக வைத்தது ஒன்று. அவற்றைத் திருப்பினாலும் அப்படியேதான் இருக்கும். 46இல் அந்த இரண்டையும் தனியே எடுத்துவிட்டால் 44. அதில் பாதி 22. தனியே எடுத்த இரண்டையும் சேர்த்தால் 24.

விடை 24. வாய்ப்புகளை எண்ணுவது, சமச்சீர் என்றால் என்ன, ஒரே பொருளை இருமுறை எண்ணாமல் இருப்பது எப்படி என்று மூன்று பாடங்கள் இதற்குள் வந்துவிட்டன. இந்தக் கணக்கைப் பலகையில் எழுதிக் காட்டினால் பலருக்குத் தலை சுற்றும். கட்டையைக் கையில் கொடுத்து எதிர்ப்பக்கம் போய் நிற்கச் சொன்னால், "அட, இதுவும் அதுவும் ஒன்றுதான்!" என்று மாணவரே சொல்லிவிடுவார்.

சரி, ஆறு கட்டைகள் இருந்தால்? ஒன்றன்மேல் ஒன்றாக ஆறு அடுக்குக் கோபுரம் கட்டுவோம். அடிக்கட்டை அசையாது. அதற்கு மேல் வரும் ஐந்து கட்டைகளில் ஒவ்வொன்றுக்கும் 46 இடம். 46ஐ ஐந்து முறை பெருக்கினால் 205,962,976. இதிலும் இருமுறை எண்ணும் சிக்கல் உண்டு. திருப்பினாலும் மாறாத கோபுரங்கள் எத்தனை? ஒவ்வோர் அடுக்கிலும் நடு மையத்தில் நேராக அல்லது குறுக்காக, அதாவது இரண்டே வாய்ப்பு. ஐந்து அடுக்குக்கு 2 × 2 × 2 × 2 × 2 = 32. ஆகவே 205,962,976உடன் 32ஐக் கூட்டி இரண்டால் வகுக்க வேண்டும். விடை 102,981,504.

இங்கேதான் ஒரு சுவையான செய்தி. டென்மார்க் நாட்டின் பில்லுண்ட் ஊரில் உள்ள லெகோ நிறுவனம், ஆறு கட்டைகளை 102,981,500 விதமாகச் சேர்க்கலாம் என்று நெடுங்காலம் சொல்லி வந்தது. நம் விடையோடு ஒப்பிட்டால் கடைசியில் நான்கு குறைகிறது. ஆனால் பெரிய தவறு அந்த நான்கு அல்ல. கோப்பன்ஹேகன் பல்கலைக்கழகக் கணிதப் பேராசிரியர் சோரன் ஐலர்ஸ் அதைச் சுட்டிக் காட்டினார். அந்த எண் ஆறு அடுக்குக் கோபுரங்களை மட்டுமே சொல்கிறது. ஒரே அடுக்கில் இரண்டு மூன்று கட்டைகள் அருகருகே இருக்கும் வடிவங்கள் கணக்கிலேயே வரவில்லை! பாலம் போல, படிக்கட்டு போல, நாற்காலி போல உள்ளவையெல்லாம் விடுபட்டுவிட்டன. அவற்றையும் சேர்க்க எளிய சூத்திரம் எதுவும் கிடையாது. கணினியை வைத்து ஒவ்வொன்றாக எண்ணத்தான் வேண்டும். அப்படி எண்ணியபோது கிடைத்தது 915,103,765.

அப்போது பள்ளி மாணவராக இருந்த மிக்கெல் ஆப்ராஹாம்சென் என்பவரும் தாமே ஒரு கணினி நிரல் எழுதி அதே கணக்கைப் போட்டுப் பார்த்தார். இருவர் தனித்தனியே எழுதிய நிரல்களும் ஒரே எண்ணைத் தந்தன. அதனால் விடை சரிதான் என்ற நம்பிக்கை பிறந்தது. ஏழு கட்டைகளுக்கு அவர் கண்ட எண் 85,747,377,755. பின்னர் அவர்கள் இந்தக் கணக்கை ஆய்வுக் கட்டுரையாகவே எழுதினார்கள். பள்ளி மாணவரின் கேள்வியும் பேராசிரியரின் கேள்வியும் ஒரே பெட்டிக் கட்டையிலிருந்து வந்திருக்கின்றன என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும்.

கணக்கைவிட்டு இயற்பியலுக்கு வருவோம். இரண்டு கட்டைகள் ஏன் ஒன்றை ஒன்று பிடித்துக்கொள்கின்றன? பசை இல்லை, காந்தம் இல்லை. தொடக்கக் காலக் கட்டைகளுக்கு உள்ளே ஒன்றும் இல்லை, வெறும் கூடு. கட்டியதைத் தூக்கினால் பிரிந்துவிடும். 1958ஆம் ஆண்டு ஜனவரி 28ஆம் தேதி உள்ளே குழாய்கள் வைத்த கட்டைக்கு லெகோ நிறுவனம் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தது. கட்டையைத் திருப்பிப் பாருங்கள், மூன்று குழாய்கள் தெரியும். கீழ்க் கட்டையின் குமிழ் ஒவ்வொன்றும் சுவருக்கும் குழாய்க்கும் நடுவே இறுக்கமாக நுழைகிறது. குமிழுக்கு இருக்கும் இடம் குமிழைவிடக் கொஞ்சமே கொஞ்சம் சிறியது. நெகிழி சற்றே வளைந்து இடம் கொடுக்கிறது, மீண்டும் பழைய நிலைக்கு வரப் பார்க்கிறது, அந்த அழுத்தத்தால் உராய்வு பிறக்கிறது. மீள்தன்மையும் உராய்வும் சேர்ந்த வேலை இது. மலிவுக் கட்டைகள் சில ஒட்டாமல் நழுவுவதற்கும், சில கழற்றவே முடியாமல் நகத்தைப் பெயர்ப்பதற்கும் காரணம் இந்த நுண்ணளவில் ஏற்படும் பிழைதான்.

கட்டை எவ்வளவு எடை தாங்கும்? பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகப் பொறியாளர்கள் 2012ஆம் ஆண்டில் நான்கு குமிழ்க் கட்டை ஒன்றை நீரழுத்தப் பொறியில் வைத்து நசுக்கிப் பார்த்தார்கள். சராசரியாக 4,240 நியூட்டன் விசை வரை அது தாங்கியது. ஏறக்குறைய 432 கிலோகிராம் பொருளின் எடைக்கு இது சமம். கட்டை ஒன்றின் நிறை 1.15 கிராம் என்று கொண்டால், அடிக்கட்டை நசுங்குவதற்கு முன் அதன்மேல் சுமார் 375,000 கட்டைகளை அடுக்கலாம். ஒரு கட்டையின் உயரம் 9.6 மில்லிமீட்டர். பெருக்கிப் பாருங்கள்: ஏறக்குறைய மூன்றரைக் கிலோமீட்டர். 4,095 மீட்டர் உயரமுள்ள கினபாலு மலையை எட்ட இன்னும் ஐந்நூறு மீட்டர் குறைகிறது. உண்மையில் அப்படி ஒரு கோபுரம் நிற்காது. அடிக்கட்டை நசுங்குவதற்கு வெகு முன்பே நடுவில் வளைந்து சாய்ந்துவிடும். இருபது கட்டைகளை ஒற்றையாக அடுக்கி விரலால் தட்டிப் பாருங்கள், புரியும்.

அந்த 9.6 மில்லிமீட்டரை இன்னொரு வகையிலும் பயன்படுத்தலாம். பெட்ரோனாஸ் இரட்டைக் கோபுரத்தின் உயரம் 451.9 மீட்டர். 1:1000 அளவில் செய்தால் 451.9 மில்லிமீட்டர். அதை 9.6ஆல் வகுத்தால் 47 கட்டைகள். பெருக்கிச் சரிபாருங்கள், ஒரு மில்லிமீட்டர்கூடப் பிழை வராது. விகிதம் என்ற பாடத்தைக் காகிதத்தில் பத்து முறை செய்வதைவிட, 47 கட்டை உயரத்தில் ஒரு கோபுரத்தைக் கட்டி, பக்கத்தில் உங்கள் பள்ளிக் கட்டடத்தையும் அதே அளவில் கட்டிப் பார்ப்பது மறக்காது. மூன்று மாடிப் பள்ளிக்கு ஒரே ஒரு கட்டையோ, ஒன்றேகால் கட்டையோதான் வரும். சிரிப்பு வரும், விகிதமும் வரும்.

துளையிட்ட நீளப்பட்டைகள் வைத்திருப்பவர்கள் 3, 4, 5 பக்கம் கொண்ட முக்கோணம் செய்து பைதாகரஸ் தேற்றத்தைச் சோதிக்கலாம். ஓர் எச்சரிக்கை: மூன்று துளை, நான்கு துளை, ஐந்து துளைப் பட்டைகளை எடுத்தால் செங்கோணம் வராது. எண்ண வேண்டியது துளைகளை அல்ல, துளைகளுக்கு இடையே உள்ள இடைவெளிகளை. நான்கு, ஐந்து, ஆறு துளைகள் வேண்டும். வேலிக்கம்பங்களை எண்ணுவதா, இடைவெளிகளை எண்ணுவதா என்ற பழைய குழப்பம்தான் இது. தேர்வில் இதே குழப்பத்தில் மதிப்பெண் இழப்பவர்கள் ஏராளம்.

வேதியியலுக்கும் கட்டை உதவும். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் எட்ஜர்டன் மையம் என்று ஒன்று உண்டு. வேதிவினைகளைக் கட்டைகளால் கற்பிக்கும் பாடங்களை அவர்கள் உருவாக்கியிருக்கிறார்கள். நீங்களும் செய்யலாம். கரிமத்துக்குக் கறுப்பு, ஹைட்ரஜனுக்கு வெள்ளை, ஆக்சிஜனுக்குச் சிவப்பு. மீத்தேன் என்றால் ஒரு கறுப்பும் நான்கு வெள்ளையும். ஆக்சிஜன் மூலக்கூறு என்றால் இரண்டு சிவப்பு ஒட்டியது. மீத்தேன் எரியும்போது கரிமவளியும் நீரும் கிடைக்கும். மீத்தேன் ஒன்றையும் ஆக்சிஜன் மூலக்கூறு ஒன்றையும் எடுத்து, பிரித்துச் சேர்த்துப் பாருங்கள். கறுப்பு இரண்டு சிவப்பையும் எடுத்துக்கொண்டுவிடும். நான்கு வெள்ளைக் கட்டைகள் மேசைமேல் அனாதையாகக் கிடக்கும். இன்னோர் ஆக்சிஜன் மூலக்கூறு கொண்டு வந்தால்தான் அவை இரண்டு நீராகும். வினைக்கு முன் ஒன்பது கட்டை, பின்னும் ஒன்பது கட்டை. சமன்பாட்டில் ஆக்சிஜனுக்கு முன்னால் ஏன் 2 போடுகிறோம் என்பது அந்த அனாதைக் கட்டைகளைப் பார்த்தவர்களுக்கு மறக்காது.

ஆனால் இந்த மாதிரி ஓர் இடத்தில் பொய் சொல்லும். கட்டைகள் மேலும் கீழும்தான் ஒட்டும். உண்மையான நீர் மூலக்கூறில் இரண்டு ஹைட்ரஜனும் ஏறத்தாழ 104.5 பாகைக் கோணத்தில் விலகி நிற்கின்றன. அதைக் கட்டை காட்டாது. எத்தனை அணு என்று எண்ணக் கட்டை போதும். மூலக்கூறு எப்படி வளைந்திருக்கும் என்று அறியப் பந்தும் குச்சியும் வேண்டும். ஒரு மாதிரி எதைக் காட்டுகிறது, எதைக் காட்டவில்லை என்று கேட்கத் தெரிவதும் அறிவியலில் பாதி.

இதுவரை சொன்னவை பாடங்கள். இனிச் சொல்லப்போவது உங்களில் சிலருக்கு மிக முக்கியம். படிவம் 3 கணிதத்தில் ஒரு திண்மத்தின் மேல்தோற்றம், முன்தோற்றம், பக்கத்தோற்றம் வரையும் பாடம் வரும். சிலர் அதைப் பார்த்தவுடன் வரைந்துவிடுவார்கள். சிலருக்கு எவ்வளவு முயன்றாலும் கோடுகள் வெறும் கோடுகளாகவே தெரியும். "எனக்கு இந்த மூளை இல்லை" என்று முடிவு கட்டிவிடுவார்கள். பொறியியல், கட்டடக் கலை, அறுவை மருத்துவம் ஆகிய துறைகளின் கதவைத் தாங்களே சாத்திக்கொள்வதும் அங்கேதான் தொடங்குகிறது.

ஸ்டான்ஃபர்டு பல்கலைக்கழகத்தில் ரோஜர் ஷெப்பர்டும் ஜாக்குலின் மெட்ஸ்லரும் 1971இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். பத்துக் கனசதுரங்களை ஒட்டிச் செய்த உருவங்களின் படங்கள் இரண்டிரண்டாகக் காட்டப்பட்டன. இரண்டும் ஒரே உருவம்தானா, இல்லையா என்று சொல்ல வேண்டும். ஓர் உருவம் மற்றதிலிருந்து எவ்வளவு அதிகக் கோணத்தில் திரும்பியிருந்ததோ, அவ்வளவு அதிக நேரம் விடை சொல்ல ஆனது. கையில் ஒரு பொருளைத் திருப்புவதைப் போலவே மனத்திலும் மெல்ல மெல்லத் திருப்பிப் பார்க்கிறோம் என்பது அதிலிருந்து தெரிய வந்தது.

இந்த மனத்திருப்பல் பிறவியில் வருவதா, பயிற்சியில் வருவதா? ஷெரில் சோர்பி என்ற அமெரிக்கப் பொறியியல் பேராசிரியரின் கதையைக் கேளுங்கள். மற்றப் பாடங்களில் கெட்டிக்காரராக இருந்த அவர், பொறியியல் முதலாண்டில் வரைபடப் பாடத்தில் மட்டும் திணறினார். பின்னாளில் மிச்சிகன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் தாமே அந்தப் பாடத்தைக் கற்பிக்கும்போது, தம்மைப் போலவே திணறும் மாணவர்களைக் கண்டார். அவர்களில் பெண்கள் அதிகம். 1993இல் அவரும் கணித ஆசிரியர் பெவர்லி பார்ட்மன்ஸும் சேர்ந்து அத்தகைய மாணவர்களுக்காகவே ஒரு பயிற்சி வகுப்பைத் தொடங்கினார்கள். அங்கே என்ன செய்தார்கள் தெரியுமா? ஒன்றோடொன்று ஒட்டும் சிறு கனசதுரங்களைக் கொடுத்து உருவம் கட்டச் சொன்னார்கள். கட்டியதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, ஒவ்வொரு பக்கத்திலிருந்தும் வரையச் சொன்னார்கள். இதைச் செய்தவர்களின் திறன் கூடியது. பொறியியலை விட்டு விலகாமல் தொடர்ந்த பெண்களும் அவர்களில் அதிகம். மாணவர்களின் பின்னணியை ஆராய்ந்தபோது, சிறு வயதில் கட்டுமான விளையாட்டுப் பொருள்களோடு விளையாடியிருப்பது இத்திறனோடு தொடர்புடைய காரணங்களுள் ஒன்றாக இருந்தது.

அவசரப்பட்டு ஒரு முடிவுக்கு வந்துவிடாதீர்கள். கட்டை விளையாடியதால் திறன் வந்ததா, திறன் இருந்ததால் கட்டை விளையாடப் பிடித்ததா என்ற கேள்வியைப் பின்னணி ஆய்வு மட்டும் தீர்க்காது. பயிற்சி கொடுத்து, முன்னும் பின்னும் சோதித்துப் பார்க்கும் ஆய்வுகள்தான் அதைத் தீர்க்கும். டேவிட் அட்டல் குழுவினர் 2013இல் அத்தகைய 217 ஆய்வுகளைத் திரட்டி ஒப்பிட்டார்கள். இடம் சார்ந்த சிந்தனையைப் பயிற்சியால் வளர்க்க முடியும், அது சில நாளில் மறைந்துவிடுவதுமில்லை என்பதே அவர்கள் கண்டது. ஆகவே பதினைந்து வயதிலும் தாமதமில்லை. "இவ்வளவு பெரிய பிள்ளையாகி இன்னும் விளையாட்டா?" என்று அம்மா கேட்டால் இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள்.

விளையாடும் விதத்திலும் ஒன்று இருக்கிறது. பெட்டியோடு வரும் வழிகாட்டிப் புத்தகத்தைப் பார்த்து ஒவ்வொரு படியாகக் கட்டுவது ஒரு பயிற்சிதான். தட்டையான படத்தைத் திண்மமாக மாற்றும் வேலை அது, அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் கட்டி முடித்து அலமாரியில் வைத்துத் தூசி படிய விடுவதோடு நின்றுவிட்டால், அது விலை உயர்ந்த அலங்காரப் பொருள்தான். பிரித்துப்போட்டு, படம் இல்லாமல், ஒரு தேவைக்காகக் கட்டும்போதுதான் தவறு நடக்கும்.

அத்தகைய தவறு ஒன்று ஆய்வாகவே மாறியது. வர்ஜீனியா பல்கலைக்கழகப் பொறியியல் பேராசிரியர் லெய்டி குளோட்ஸ் தம் சிறு மகனோடு கட்டைப் பாலம் கட்டிக்கொண்டிருந்தார். ஒரு தூண் குட்டை, மற்றது நெட்டை. பாலம் சாய்ந்தது. குட்டைத் தூணில் வைக்க ஒரு கட்டையை எடுக்க அவர் திரும்பினார். அதற்குள் மகன் நெட்டைத் தூணிலிருந்து ஒரு கட்டையை எடுத்துவிட்டான். பாலம் நேராகிவிட்டது. பேராசிரியருக்கு அந்த வழி தோன்றவே இல்லை!

அவரும் உடன் பணியாற்றிய ஆய்வாளர்களும் இதைச் சோதித்து 2021இல் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்டார்கள். ஒரு சோதனையில் கட்டைகளால் ஆன சிறு கட்டடம் கொடுக்கப்பட்டது. கூரை ஒரே மூலையில் ஒரே கட்டைமேல் ஆடிக்கொண்டு நின்றது. அதை உறுதியாக்கினால் ஒரு டாலர் பரிசு. ஆனால் சேர்க்கும் ஒவ்வொரு கட்டைக்கும் பத்து சென் கழிக்கப்படும். எளிய வழி, அந்த மூலைக் கட்டையை எடுத்துவிடுவது. கூரை கீழ் அடுக்கின்மேல் நேராக உட்கார்ந்துவிடும், செலவும் இல்லை. அப்படிச் செய்தவர்கள் 41 விழுக்காட்டினர் மட்டுமே. "கட்டையை எடுப்பதற்குக் கட்டணம் இல்லை" என்று ஒரு வரி சேர்த்துச் சொன்னதும் அது 61 விழுக்காடாக உயர்ந்தது. கட்டுரை எழுதும்போதும், கணினி நிரல் எழுதும்போதும், படிப்பு அட்டவணை போடும்போதும் நாம் சேர்த்துக்கொண்டே போவதை நினைத்துப் பாருங்கள்.

இந்த வாரப் பயிற்சி. எட்டுக் குமிழ்க் கட்டைகள் மூன்றை எடுங்கள். மூன்று அடுக்குக் கோபுரங்கள் எத்தனை வரும் என்று மேலே சொன்ன முறையில் கணக்கிடுங்கள். 46ஐ இருமுறை பெருக்கி, 2ஐ இருமுறை பெருக்கி, கூட்டி, பாதியாக்குங்கள். 1,060 வந்தால் சரி. ஆனால் மூன்று கட்டைகளால் செய்யக்கூடிய எல்லா வடிவங்களும் 1,560. மீதி 500 வடிவங்களும் இரண்டு அடுக்கு மட்டுமே உயரமுள்ளவை. ஒரு கட்டைமேல் இரண்டு, அல்லது இரண்டு கட்டைமேல் ஒன்று. அவற்றில் இருபதையாவது கட்டி, மேல்தோற்றமும் முன்தோற்றமும் வரைந்து, ஆசிரியரிடம் காட்டுங்கள். ஒரே வடிவத்தை இருமுறை வரைந்திருக்கிறீர்களா என்று உங்கள் நண்பர் எதிர்ப்பக்கம் நின்று சரிபார்க்கட்டும்.